செவலையின் முகம்

“யோவ், நில்லு! இந்தச் செவலைப் பசு உன் கைக்கு எப்பிடி வந்துச்சு?”

சின்னமனூர்ச் சந்தைக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த மாட்டுத் தரகர் சுருளியாண்டி துள்ளி எழுந்தார். பசுவோடு வந்த ஆள் நின்றான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட வந்தவளும் நின்றாள்.

“கூடலூர்ல இருந்து வாரேன். பேரு கோட்டைச்சாமி, வண்டி ஓட்டுறேன். பசுவ உங்களுக்குத் தெரியுமாக்கும்?”

“தெரியுமாவா? நெத்தியில ரெட்டைச் சுழி, இடது கொம்புல கீறல், மூஞ்சியில ஒரு முறைப்பு. ஆயிரம் மாட்டுக்குள்ள நின்னாலும் இந்த முகத்தக் கண்டுபிடிச்சிருவேன். என் பொண்டாட்டிக்கு எங்க மாமனார் சீரா ஓட்டிவிட்ட மாடுய்யா இது!”

சுருளியாண்டி சொன்னது உண்மை. மாட்டு விஷயத்தில் அவர் பொய் சொல்வது விலை பேசும்போது மட்டும்தான்.

மனுஷ விஷயம் வேறு. போடிக்கு ரயில் விட்ட வருஷம், குமுளி மலைப்பாதையில் வண்டி குடைசாய்ந்து அவர் பின்மண்டை பாறையில் மோதியது. காயம் ஆறிவிட்டது. ஆனால் அன்று முதல் எந்த முகமும் அவருக்குப் பிடிபடவில்லை. கண் தெரியும், மூக்கு தெரியும், மீசை தெரியும். எல்லாம் சேர்ந்தால் யாரென்று தெரியாது. மதுரை டாக்டர் விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கண்ணுல பழுதில்ல. ஆளு முகத்த அடையாளம் வச்சிருக்கிற இடம் மூளையில இருக்கு. அடி அங்கதான்” என்றார். மாட்டு முகத்தை மட்டும் எப்படி விட்டுவைத்தது என்று இவர் கேட்டதற்கு, டாக்டர் விளக்கை அணைத்துவிட்டார்.

இதை வெளியே சொல்ல முடியுமா? நேற்றுப் பார்த்தவனை இன்று யாரென்று கேட்கிற தரகரை நம்பி எவன் மாட்டை அவிழ்ப்பான்? சுருளியாண்டி மூச்சு விடவில்லை, பெண்டாட்டியிடம்கூட. வாயைத் திறந்தால் குரலை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார். திறக்காவிட்டால், கூட வரும் மாட்டைப் பார்த்துப் பெயர் சொல்வார். மயிலைக்காளை வந்தால் ஒச்சாண்டி, கொம்பு ஒடிந்த காரி வந்தால் அம்மாவாசி. பேச்சும் மாடும் இல்லாமல் வருகிறவர்களுக்குப் பொதுவாக ஒரு சிரிப்பு. பிறந்து வளர்ந்த ஊரில், அசலூர்க்காரர்கள் மத்தியில் இருப்பதுபோல் இருந்தார்.

வீரபாண்டித் திருவிழாவில் அந்தச் சிரிப்பும் கைகொடுக்கவில்லை. பிறந்த வீட்டு ஆட்களோடு எதிரே வந்த பெண்டாட்டி அன்னத்தாயைப் பார்த்து, “யாரும்மா அது, வழிய விடு” என்று ஒதுக்கிவிட்டுப் போனார். ‘என் சனத்துக்கு முன்னால என்னையத் தெரியாதமாதிரி நடிக்கிறாரு’ என்று அவள் அன்றைக்கே செவலையை ஓட்டிக்கொண்டு கூடலூரில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாலு மாசம். உண்மையைச் சொல்லிக் கூட்டிவர அவரும் மூன்று தரம் பஸ் ஏறப் போனார். மாமனார் வீட்டு வாசலில் நாலு பெண்கள் நின்றால் யாரைப் பார்த்துச் சொல்வது? மூன்று தரமும் பஸ் அவரில்லாமல் போனது.

“விக்கவா கொண்டாந்திருக்க?” என்று கேட்டார் சுருளியாண்டி.

கோட்டைச்சாமி கூட வந்தவளைப் பார்த்தான். “அது உங்க கையிலதாண்ணே இருக்கு.”

சீர் மாட்டையே விற்கத் துணிந்துவிட்டாளா? மாடு கைமாறினால் அவள் இனி வரவே மாட்டாள். சுருளியாண்டி செவலையின் கழுத்தைத் தடவினார். அது அவர் உள்ளங்கையை நக்கியது.

“பாத்தியா, இதுக்கு என்னையத் தெரியுது. நான் அங்கன ஒத்தையில கெடக்கேன்யா. வாசல்ல நெழல் விழுந்தாலே அவதானோன்னு எந்திரிக்கேன். வர்றதெல்லாம் ஆடு.”

கூட வந்தவள் பசுவைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“மாட்டையே பாக்குறீகளேண்ணே. கயிறு பிடிச்சு நிக்கிறவுகளையும் கொஞ்சம் பாருங்க” என்றான் கோட்டைச்சாமி.

சுருளியாண்டி நிமிர்ந்து அவளை நேருக்கு நேர் பார்த்தார். வண்டிக்காரன் பெண்டாட்டியாக இருக்கும். இத்தனை நேரம் வெயிலில் நிற்கவைத்தது தப்புதான்.

“கோவிச்சுக்காத தங்கச்சி, இப்பிடி நெழலுக்கு வா” என்றார். “கூடலூர்னா அன்னத்தாயத் தெரிஞ்சிருக்குமே? பொம்பளைக்குப் பொம்பளை நீதான் எடுத்துச் சொல்லணும். அவ என் எதுக்க வந்து நின்னாப் போதும், வேற ஒண்ணும் கேக்கல.”

அவள் கயிற்றை அவர் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். கோட்டைச்சாமி தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

“ஏப்பா, மாட்ட விட்டுட்டுப் போறீக! விலை பேசலையே!”

எதிரே மூக்கணாங்கயிறு விற்றுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். வாயைத் திறந்ததும் முகைதீன் ராவுத்தர் என்று தெரிந்தது.

“என்ன மனுஷன்யா நீ? கோவத்த விட்டுட்டு, மாட்டையும் ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தவ. கட்டுன பொண்டாட்டியப் போயி ‘தங்கச்சி’ங்கிறியே!”

சுருளியாண்டி சாலையைப் பார்த்தார். சந்தை கலையும் நேரம். சாலை நிறையப் பெண்கள். மாட்டைப் பார்த்த கண், அவள் சேலை என்ன நிறம் என்றுகூடப் பார்த்துவைக்கவில்லை. “அன்னத்தாயி!” என்று கத்தினார். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பத்தும் ஒரே முகம்.

செவலை மட்டும், திரும்பாமல் போய்க்கொண்டிருந்த ஒரு முதுகைப் பார்த்து விடாமல் கத்திக்கொண்டிருந்தது.