ஷெரிப் அண்ணை

"பொலிசுக்குப் போன் எடுத்துச் சொன்னது நீங்கள்தானே அண்ணை?"

ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்குள் நுழைந்த வத்சலா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"முதல்ல இருங்கோ தங்கச்சி" என்று கதிரையை இழுத்துவிட்டார் ஞானேஸ்வரன்.

"இருக்க வரேல்லை. நேற்று வேலையால வந்தா வாசலில பொலிஸ் கார். இவற்ற ரெண்டு துவக்கையும் தூக்கிக்கொண்டு போறாங்கள். றோட்டே நிண்டு பாக்குது. இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில பிள்ளையிட்டக் கேட்டிருக்கிறாங்கள், உன்ர அப்பா என்ன பயங்கரவாதியோ எண்டு!"

அவள் கணவன் பவித்திரனும் ஞானேஸ்வரனும் ஞாயிறு தவறாமல் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும் கிளப்புக்குப் போகிறவர்கள். இருவருக்கும் லைசென்ஸ் உண்டு. அங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பு ஞானேஸ்வரன். ஊர்க்காவல் அதிகாரிகளான அந்தக் காலத்து அமெரிக்க ஷெரிப்மாரின் கதைகளைக் கரைத்துக் குடித்தவர். "ஆறு குண்டு போடலாம் எண்டாலும் அஞ்சுதான் போடுவாங்கள். துவக்கில குண்டைத் தட்டுற சுத்தியலுக்கு நேரே வெறும் ஓட்டை. கைதவறி விழுந்தாலும் வெடிக்காது" என்று புதிதாக வருகிறவனைப் பிடித்துவைத்துப் பாடம் எடுப்பார். சின்னப் பிழைக்கும் ஆளை வெளியே அனுப்பிவிடுவார். கிளப்பில் அவரோடு ஒட்டியிருந்தது பவித்திரன் ஒருவன்தான்.

"ஆரோ சொல்லிப்போட்டினம், விடு எண்டுறார் இவர். ஆர் அந்த ஆரோ? அடுத்த மாசம் போட்டி. எப்பவும் இவர் முதலாவது, நீங்கள் ரெண்டாவது. எனக்கு விளங்காதெண்டு நினைச்சியளோ?"

ஞானேஸ்வரன் ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

"தங்கச்சி, அப்ப சில ஊருகளில ஒரு சட்டம் இருந்தது. ஊருக்குள்ள வாறவன் துவக்கை ஷெரிப்பிட்டக் குடுத்திட்டுத்தான் வரவேணும்."

"உங்கட கதையள் எனக்கு வேண்டாம்!"

"கள்ளருக்கு மட்டுமில்லை அந்தச் சட்டம். நல்லவனுக்கும் ஒரு கூடாத நாள் வரும். அண்டைக்கு அது அவன்ர கைக்கு எட்டக்கூடாது. அவ்வளவுதான்."

"அப்ப நீங்கள்தான் சொன்னது!"

ஞானேஸ்வரன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஓம். நான்தான்" என்றார்.

வத்சலாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"வேலை போனதில இருந்து மனுசன் ஒழுங்காச் சாப்பிடுறதில்லை. நித்திரையில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒண்டுதான் அவருக்கு மிச்சம். அதையும் பறிச்சிட்டியள். இனி எங்கட வாசல் மிதிக்காதேங்கோ!"

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். அவள் கோபத்தில் என்ன பிழை? கூட்டாளியைக் காட்டிக்கொடுத்துவிட்டு நியாயம் வேறு பேசுகிற மனிதரை யார்தான் பொறுப்பார்கள்?

ஞானேஸ்வரன் உடனே பவித்திரனுக்குப் போன் எடுத்தார். குரல் கேட்கும்வரை அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"சாப்பிட்டியோடா?"

"ஓம் அண்ணை. வத்சலா அங்க வந்தவளோ? உண்மையைச் சொல்லிப்போட்டியளோ?"

"இல்லை. ஏச்செல்லாம் எனக்குத்தான். நாளைக்கு டொக்டரிட்ட நான் கூட்டிக்கொண்டு போறன். பிறகு நீயே அவவுக்குச் சொல்லு."

பவித்திரனின் குரல் தாழ்ந்தது.

"அந்தத் துவக்கு அலுமாரிப் பூட்டின்ர திறப்பு என்ர கையில கிடக்கிறது எனக்கே பயமாப் போச்சுது. அதாலதானே அண்ணை நானே பொலிசுக்குப் போன் எடுத்தனான்... பழியை ஏன் நீங்கள் ஏத்துக்கொண்டியள்?"