எல்லாக் கோப்புகளும் அழிந்துவிட்டன

ஆபீஸே 'வாலு' என்று கூப்பிடும் டிசைனர், மேனேஜரின் கணினியில் நான்கு வரி ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிவிட்டு, நல்லபிள்ளையாகத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான்.

சற்று நேரத்தில் மேனேஜரின் திரையில் ஒரு பெட்டி முளைத்தது. 'பிழை! எல்லாக் கோப்புகளும் அழிந்துவிட்டன.'

மேனேஜர் அலறவில்லை. பெருமூச்சு விட்டார். உள்ளே வந்த முதலாளியிடம், "நீங்க கேட்ட லிஸ்ட் அழிஞ்சுபோச்சு சார்" என்றார்.

"இன்னிக்குத்தானே கடைசி நாள்! சரி, இந்த வருஷம் விட்டுடலாம்."

வாலுவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஓடிவந்தான். "சார், அது நான் செஞ்ச விளையாட்டு! ஃபைல் பத்திரமா இருக்கு."

மேனேஜர் கண்களை மூடிக்கொண்டார்.

முதலாளியின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. வேலையை விட்டு அனுப்புற பதினோரு பேரையும் வரச் சொல்லுங்க. முதல்ல யாரு?"

மேனேஜர் வாலுவின் தோளில் கை வைத்தார்.

"நீதாண்டா."