இரண்டு கட்டம்

"சட்டைப் பொத்தானை நீயே போட்டுக்குவியாம்மா?"

"முடியும்," என்றாள் வாலு.

"முடியாது," என்றாள் அவள் அம்மா, என் தங்கச்சி.

இல்லத்து அதிகாரியம்மா விண்ணப்பப் படிவத்தின் மேல் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் பார்த்தார்.

வாலுவுக்கு இருபத்தொரு வயது. சக்கர நாற்காலி, சொன்ன பேச்சு கேட்காத கைகள், யார் பேச்சும் கேட்காத வாய். மூன்று வருஷம் விடுதியோடு சேர்ந்த கல்லூரியில் இருந்தாள். படிப்பு முடிந்து நேற்று அறையைக் காலி செய்தாயிற்று. மாற்றுத்திறனாளிகளுக்கான இந்த இல்லத்தில் இடம் கிடைத்தால் தனி அறை, உதவிக்கு ஆள், மற்றபடி அவள் ராஜ்ஜியம். பெட்டிகள் வெளியே வேனில் கிடந்தன.

"அடுப்புல சமைப்பியா?"

"முடியும்."

"முடியாது."

"அம்மா! போன வாரம்கூட சமைச்சேனே!"

"நாற்காலியில இருந்து கட்டிலுக்கு?"

"முடியும்!"

"முடியாதுன்னே எழுதுங்க மேடம்."

வாலு அம்மா பக்கம் திரும்பினாள். "காலேஜ்ல முடியாதுங்கற வார்த்தையைச் சொல்லவே விடமாட்டாங்க. நீ என்னை வீட்டுக்கே இழுத்துட்டுப் போகப் பாக்குறே."

எனக்குப் பொறுக்கவில்லை. தங்கச்சியை வராந்தாவுக்கு இழுத்து வந்தேன்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? சாகிற வரைக்கும் அவளை இடுப்புலயே வெச்சுக்கணுமா?"

"பொத்தான் போட முக்கால் மணி நேரம் ஆகுதுண்ணா. ஒரு நாள் முடியும், மறுநாள் கை வராது. அந்த ஃபாரத்துல பாதி முடியும்னு சொல்லக் கட்டம் இல்ல. முடியும், முடியாது, ரெண்டுதான்."

"அப்போ முடியும்னே போட்டுத் தொலையேன். புள்ள சந்தோஷமாவது படும்."

"எல்லாத்துக்கும் முடியும்னு விழுந்தா, உதவி தேவையில்ல, இடம் கிடையாதுன்னு அனுப்பிடுவாங்க. இன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். அவளைக் கூடவே வெச்சுக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

உள்ளே வாலுவை எட்டிப் பார்த்தேன். "இதை அவகிட்டயே சொல்லக் கூடாதா? உன்னை வில்லியாப் பாக்குறா," என்றேன்.

"சொன்னா அவளே முடியாதுன்னு சொல்ல ஆரம்பிச்சுடுவா. அவ அந்த வார்த்தையை மறக்க மூணு வருஷம் ஆச்சுண்ணா. அது என் வாயோட போகட்டும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அடுத்த கேள்வி கேளுங்க மேடம்."