வலையின் ஈயம்

ரெஜினாவின் கணவனைக் குத்திக் கொன்ற கஸ்பார் திங்கட்கிழமை ஜாமீனில் வருகிறான். அதற்குள் பழகிவிட வேண்டுமென்று சவுக்குத் தோப்பில் தினமும் துப்பாக்கியால் சுட்டதில் அவள் தோள் கன்றிப்போயிருந்தது. தோளில் வைத்துச் சுடும், கனமே இல்லாத அந்தச் சின்னத் துப்பாக்கி கழுதையாய் உதைத்தது.

மாமியார் பிலோமினாள் இறந்த மகனின் மீன்வலையிலிருந்து ஈயக்குண்டுகளை அறுத்தெடுத்து, துப்பாக்கியின் பின்கட்டைக்குள் இருந்த பொந்தில் அசையாமல் திணித்தாள். தோளில் பதியும் இடத்தில் செருப்பு ரப்பரை வெட்டி ஒட்டினாள்.

“கனம் கூடினா உதை குறையும்ளா.”

ரெஜினா கை நீட்டினாள். பிலோமினாள் கொடுக்காமல், தன் தோளிலேயே பொருத்திப் பார்த்தாள்.

“மாமி, செத்தது என் புருஷன்.”

“நான் பெத்த பிள்ளைளா. நீ ஜெயிலுக்குப் போனா உன் குழந்தைக்கு யாரு இருக்கா?”

பிலோமினாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

“எந்த விரலால இழுக்கணும், சொல்லு.”