மறுத்த குரல்

ஐம்பத்து நாலு வயதில் தனியார் காப்பீட்டு நிறுவனத்தை விட்டு அரசின் ஒப்பந்த வேலைக்கு வந்த ஞானசேகரனுக்கு, தானியங்கி இயந்திரம் நிராகரித்த மனுக்களை மனிதராக உட்கார்ந்து கேட்பதுதான் பணி. இனியாவது நாலு பேருக்குச் சரி என்று சொல்லலாம் என்றுதான் வந்திருந்தார்.

முதல் நாள், விதவை உதவித்தொகை மறுக்கப்பட்ட பேச்சியம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?”

பேச்சியம்மாளின் முகம் கறுத்தது. “போன்ல கிடையாதுன்னு சொன்னதே நீங்கதான சார்? திரும்ப உங்ககிட்டயேவா அனுப்புறாங்க?”

பழைய நிறுவனம், போனில் மறுப்பு சொல்லும் இயந்திரத்துக்கு அவருடைய குரலைத்தான் பதிவுசெய்து கொடுத்திருந்தது. அதே இயந்திரத்தை அரசும் வாங்கியிருப்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

பேச்சியம்மாள் மனுவை மடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். கூப்பிட எழுந்து வாயைத் திறந்த ஞானசேகரன் அப்படியே நின்றார். அவரிடம் இருந்தது அந்த ஒரு குரல்தான்.