ஃபார்மட் கிருபாகரன்

காலிங்பெல் அடித்த விதத்திலேயே ரேகாவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயோ, அந்த ஃபார்மட் வந்துட்டாரு! நான் வீட்ல இல்லைன்னு சொல்லு சாமுண்டி!"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரி கதவைத் திறந்தாள்.

"அக்கா ஊட்ல இல்லியாம் சார்."

கிருபாகரன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

மூன்றாவது மாடிக்காரர். ஐ.டி. வேலை. நல்ல மனுஷன்தான், ஆனால் ஒரு மாதமாக இந்த ஃபார்மட் பிசாசு பிடித்து ஆட்டுகிறது. காலையில் பட்டாபிராமில் ரயில் ஏறினால், அபார்ட்மென்ட் ஆட்கள் அவரைப் பார்த்ததும் தூங்குவதுபோல் நடிக்கிறார்கள்.

ரேகா ஸ்கூல் டீச்சர். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஆறே வாரம். அபார்ட்மென்ட் பிள்ளைகள் எட்டுப் பேருக்கும், கூடவே சாமுண்டியின் மகள் ஸ்வாதிக்கும், கணக்குப் பாடத்தை வீடியோ எடுத்து இலவசமாக அனுப்புகிறாள். அதில் போய்க் குறை சொன்னால் எரிச்சல் வருமா, வராதா?

"மேடம், உங்க வீடியோ ஒரே ஒரு கம்பெனியோட சாஃப்ட்வேர் இருந்தாத்தான் திறக்குது. நாளைக்கே அவன் கடையைச் சாத்திட்டா உங்க உழைப்பு அத்தனையும் போச்சு! ஓப்பன் ஃபார்மட்டுக்கு மாத்துங்க. இலவசம், எந்த ஓட்டைக் கம்ப்யூட்டர்லயும் ஓடும். யார்கிட்டயும் கையேந்த வேண்டாம்."

"ஓசிச் சாமானெல்லாம் என் லேப்டாப்ல ஏத்த மாட்டேன் சார்."

"இப்ப இருக்கிறது காசு குடுத்து வாங்கினதா?"

ரேகாவின் தம்பி லோகேஷ் எங்கிருந்தோ சுட்டுக்கொண்டு வந்து போட்டது அது. எட்டு வீட்டுக்கும் சேர்த்து.

"அதை விடுங்க. உங்க பையன் படிக்கிறது எல்.கே.ஜி.! பத்தாங்கிளாஸ் கணக்கு எதுல ஓடினா உங்களுக்கென்ன?"

"கொள்கை மேடம், கொள்கை!"

அன்றைக்கு மனுஷன் எழுந்திருப்பதாக இல்லை. அலுத்துப்போய் லேப்டாப்பை நீட்டினாள் ரேகா.

கால் மணி நேரம்தான். இருபத்திரண்டு பாடமும் மாறிவிட்டது. பைசா செலவில்லை, படமும் பளிச்சென்று இருந்தது. அதை அவரிடம் ஒப்புக்கொள்ளத்தான் அவளுக்கு மனசு வரவில்லை.

அவர் போனதும் கதவைப் படாரென்று சாத்தினாள்.

"கொள்கையாம், பெரிய கொள்கை! எவன்கிட்ட கமிஷன் வாங்கறாரோ! ஊரே சிரிக்குது, கொஞ்சமாவது வெட்கம் இருக்கா பாரு!"

சாமுண்டீஸ்வரி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அப்டிச் சொல்லாதக்கா. போன மாசம் ஸ்வாதிக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு குட்த்தாரு அந்த மனுசன். அதுல நீ அனுப்புற பாடம் ஒண்ணுகூட தொறக்கல. 'டீச்சராண்ட சொல்லட்டா சார்'னு கேட்டேன். 'வேணாம்மா, மத்த புள்ளைங்களுக்குத் தெரிஞ்சா உன் பொண்ணு கூச்சப்படும். என்னை வேணா எல்லாரும் கிறுக்கன்னு நெனச்சிக்கட்டும்'னுட்டாருக்கா."