வாளில் என்ன எழுதியிருக்கிறது?

பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வந்திருந்தார்கள். தட்டில் பஜ்ஜி தீர்வதற்குள், பெண்ணின் அப்பா திருவேங்கடம் சுவரில் மாட்டியிருந்த வாளை எடுத்து வந்துவிட்டார்.

“எங்க முப்பாட்டனுக்கு விஜயநகர ராஜா குடுத்தது. அலகுல பாருங்க, தெலுங்கு எழுத்து. வீட்டுல தெலுங்கு பேசுறோமே ஒழிய, வாசிக்க ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க வாசிப்பீகளா?”

மாப்பிள்ளை கேசவனுக்கும் அவன் அப்பா ரெங்கமன்னாருக்கும் தெலுங்கு பேச்சோடு சரி.

ரெங்கமன்னாரோ வாளை வாங்கி, வெள்ளைக்கார துரைமார் வாளில் இருப்பது போன்ற பித்தளைக் கைப்பிடியைத் தடவினார். வட்ட வட்டமான எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

“‘மாவீரனுக்கு மன்னர் அளித்த பரிசு’ன்னு போட்டிருக்கு, சம்பந்தி!”

சம்பந்தி என்ற சொல்லிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது. திருவேங்கடத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. வாசல் வரை வாளோடு வந்துதான் வழியனுப்பினார்.

பஸ்ஸில் ஏறியதும் கேசவன் கேட்டான்: “எப்ப நைனா தெலுங்கு வாசிக்கப் படிச்சீக?”

“தெலுங்கு எங்கலே இருந்துச்சு? அது பர்மா எழுத்து. நான் ரங்கூன்ல பள்ளிக்கூடம் போனவன்ல? பர்மா வாளுக்கு வெள்ளைக்காரன் பிடியைப் போட்டு, ஊர் திரும்புற நம்மாளுகளுக்குன்னே அங்க வித்தாங்க. அலகுல இருக்கது கடைப் பேரு.”

“அதை அவுககிட்டயே சொல்லியிருக்கலாம்ல?”

“நல்லா சொன்ன போ! வெள்ளிக்கிழமை அவுக நம்ம வீடு பார்க்க வாராக. உங்க பூட்டன் பாளையக்காரர்கிட்ட வாங்குன வாளுன்னு ஒண்ணை மாட்டி வச்சிருக்கேனே, அதுலயும் அதே கடைப் பேருதாம்லே இருக்கு!”